காயமும் தழும்பும்

யாழ்ப்பாணத்து வளவுகளில் கோடிப்புறம் என்பது ஒரு தனி உலகம். காது உடைந்த கிடாரம், பூண் கழன்ற உலக்கை, சில்லு இல்லாத சைக்கிள், கண்ணாடி போன அரிக்கன் லாம்பு எனப் பலதும் அங்குள்ள கொட்டிலின் நிழலில் ஆண்டுக்கணக்காக இளைப்பாறிக் கொண்டிருக்கும். "கிடக்கட்டும், ஒருநாளைக்கு உதவும்" என்பது வீட்டுப் பெரியோரின் வாக்கு. அதனை உலோபம் என்று நகைப்பவர் உளர். ஆனால், இன்று எறிந்த பொருளை நாளை எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாத ஒரு காலத்தை இக்குடாநாடு கண்டிருக்கின்றது. அக்காலத்தில் அந்தக் கோடிப்புறங்களே எமக்குக் களஞ்சியங்களாய் இருந்தன.

இன்று ஒழுங்கைகள்தோறும் பழைய இரும்பு வாங்குவோரின் வாகனங்கள் ஒலிபெருக்கியுடன் வலம் வருகின்றன. இளையோர் இடத்தைச் சுத்தமாக்க விரும்புகின்றனர். முதியோர் வாய்விட்டு மறுக்க மாட்டாமல் மௌனமாக நிற்கின்றனர். எதைக் கொடுப்பது, எதை வைத்திருப்பது, வைத்திருப்பதை எவ்வாறு வைத்திருப்பது என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுந்துள்ளது. அக்கேள்வியை ஒரு சிறு மோட்டார் வண்டியை முன்வைத்து ஆராய்வது இவ்வார எமது நோக்கம். "ஒரு பழைய வண்டியில் ஆராய என்ன இருக்கின்றது?" என்று நினைக்கும் வாசகர் சற்றுப் பொறுத்திருப்பாராக.

நாம் கூறப்போகும் வண்டி, யாழ்ப்பாணத்தார் 'சாலி' என்று அழைக்கும் ஹொண்டா வண்டி. அதன் பூர்வீகம் சுவையானது. இரண்டாம் உலகப் போரின் பின் 1948 இல் உருவான ஹொண்டா நிறுவனம், 1958 இல் 'சுப்பர் கப்' என்னும் சிறு மோட்டார் சைக்கிளை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றது. 1961 இல் தோக்கியோ நகருக்கு அண்மையில் இருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவில் சிறுவர் ஏறி விளையாடுவதற்கென மிகச் சிறிய வண்டி ஒன்றை அந்நிறுவனம் அமைத்தது. பெரியவர் ஒருவர் அதில் ஏறினால், முழங்கால்களை மடக்கிக்கொண்டு குந்தியிருக்கும் குரங்கினைப் போலத் தோன்றுவாராம். அதனால் அவ்வகை வண்டிக்கு 'மங்கி' என்ற பெயரே நிலைத்தது. விளையாட்டுப் பொருளாகப் பிறந்த அக்குட்டி வண்டியின் வழியில் 1969 இல் 'டக்ஸ்' என்பதும், 1972 இல் எமது சாலியும் தோன்றின.

சாலிக்குச் சில்லுகள் 10 அங்குல விட்டமுள்ளவை. இருக்கை தாழ்வானது. கையால் அழுத்தும் கிளச் இல்லை. காலால் கியரை மாற்றினாற் போதும். சேலை உடுத்த பெண்களும் தயக்கமின்றி ஏறி ஓட்டத்தக்க வண்டி அது. 50 என்றும் 70 என்றும் இரு அளவுகளில் வந்த அதன் எஞ்சின் சுப்பர் கப் எஞ்சினின் உடன்பிறப்பு. ஆகையால் ஒன்றின் உதிரிப் பாகங்கள் பல மற்றதற்கும் பொருந்தும். எமது ஊர்களில் இவ்வண்டிகள் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு இவ்வுறவும் ஒரு காரணம்.

எமது வீட்டுச் சாலி 1984 இல் வந்தது. தந்தையார் அதனைக் கொழும்பில் வாங்கி, யாழ்தேவியில் ஏற்றிக்கொண்டு வந்து கோண்டாவிலில் இறக்கினார். அன்னையார் நான்கு மைல் தொலைவிலுள்ள ஒரு பாடசாலையில் ஆசிரியை. அவருக்காகவே அது வாங்கப்பட்டது. நல்ல சிவப்பு நிறம். அப்போது எமக்கு ஐந்து வயது. முன்னே கால் வைக்கும் இடத்தில் நின்று, கைபிடியின் நடுவே தலையை நீட்டிக்கொண்டு பாலர் வகுப்புக்குப் போவது எமக்குக் கிடைத்த பேறு. எம்மிலும் எட்டு வயது மூத்த தமையனார் கோயில் வெளிவீதியில் அதனை ஓட்டப் பழகினார். 1989 இல் அவர் கனடாவுக்குப் போகும்வரை அவ்வண்டி கீறல் ஒன்றும் இன்றிப் பளபளப்பாகவே இருந்தது. இதனை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் இது ஒரு வழக்குக்குக் காரணமாகப் போகின்றது.

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி முதலிய பல பொருள்கள் வருவது தடைப்பட்டது. தெற்கே செல்லும் பாதையும் மூடப்பட்டது. அரிதாகக் கிடைத்த பெற்றோல் போத்தல் கணக்கிலே பொன்போல் விற்கப்பட்டது. அந்நாட்களில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டிகளை ஓடச் செய்தனர். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வெண்புகை கக்கிக்கொண்டு வீதிகளில் ஓடின.

மாணவர்க்காக இதன் உட்பொருளைச் சிறிது விளக்குதல் தகும். எஞ்சினுள்ளே எரிவது திரவம் அன்று, ஆவி. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலுங்கூடத் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகைக்கு மேற் சூடேறினாலன்றி அவ்வாறு தராது. எனவே குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை மண்ணெண்ணெயில் உயிர்ப்பித்தல் அரிது. முதலில் சில துளி பெற்றோலில் அதனை ஓடவிட்டுச் சூடேற்றி, அதன் பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எமது சாலியின் கைபிடிக்குக் கீழே இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்த ஒரு வளையம் உண்டு. அதிலே மருந்துப் போத்தல் ஒன்று தலைகீழாகத் தொங்கும். போத்தலிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கார்புரேற்றருக்குப் போகும். இடையில் ஒரு சிறு திருகு. அன்னையார் காலையில் அத்திருகைத் திறந்து வண்டியை உதைப்பார். எஞ்சின் சூடானதும் அதனை அடைத்து மண்ணெண்ணெயைத் திறப்பார். மாலையில் திரும்பும்போது படலைக்கு நூறு யார் முன்னே மறுபடியும் மாற்றுவார். மறுநாட் காலையில் எஞ்சின் எழும்ப வேண்டுமாயின் கார்புரேற்றரில் அன்றிரவு பெற்றோல் நிற்க வேண்டும் அல்லவா? பௌதிகமும் இரசாயனமும் கற்றறியாத எத்தனையோ பெண்கள் அவ்விரண்டையும் நாள்தோறும் வீதியிலே பயின்றார்கள்.

மண்ணெண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. எஞ்சினுள்ளே அளவுக்கு மிஞ்சி நெருக்கினால், தீப்பொறி மூட்டிய சுவாலை வந்து சேருமுன்னரே அது தானாகப் பற்றி, பிஸ்ரனைச் சம்மட்டியால் அடிப்பது போல அடிக்கும். எரியாது எஞ்சிய எண்ணெய் கீழே கசிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். ஆகவே அவ்வாறு ஓடிய ஒவ்வொரு வண்டியும் தன் ஆயுளைச் சிறிது சிறிதாகச் செலவிட்டே ஓடியது.

வண்டி மாத்திரமா செலவிட்டது? மின்சாரம் இல்லாத அந்நாட்களில் விளக்குக்கும் மண்ணெண்ணெயே கதி. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரி போட்டு, அவ்வொளியிலே நாம் படித்தோம். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கிடைத்தால் அது விளக்குக்கா, வண்டிக்கா என்பது எமது வீட்டில் அடிக்கடி எழுந்த வினா. அன்னையார் பாடசாலைக்குப் போனாலன்றி அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை. விளக்கு எரிந்தாலன்றி வீட்டிலுள்ள பிள்ளைக்குப் பாடம் இல்லை. பரீட்சைக் காலங்களில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு நான்கு மைலும் சைக்கிளில் போய்வந்தார்.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுப் புறப்பட்டனர். மழையிலும் இருளிலும் இலட்சக்கணக்கானோர் செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நகர்ந்த அந்த இரவை அறிந்தவர்க்கு விவரிக்க வேண்டியதில்லை. அறியாதவர்க்கு விவரித்தல் எளிதுமன்று. ஓர் அடி வைத்தபின் அடுத்த அடிக்கு நெடுநேரம் காத்திருந்த பயணம் அது. எமது சாலி அன்று ஓடவில்லை, தள்ளப்பட்டது. இருக்கையின்மேல் பாட்டியார் அமர்ந்திருந்தார். பின்னே அரிசிப் பை. முன்னே, நாம் சிறுவயதில் நின்ற இடத்தில், புத்தகக் கட்டு. நெருக்கடியில் ஏதோ மோதி முன்புறக் காப்புத் தகடு வெடித்தது. கொடிகாமத்தில் தங்கியிருந்தபோது தந்தையார் அவ்வெடிப்பின் இருமருங்கும் துளையிட்டு, மெல்லிய செப்புக் கம்பியால் துணி தைப்பது போலத் தைத்தார். 1996 இல் ஊர் திரும்பியபோது வண்டியும் எம்முடன் திரும்பியது. பின்னர் பாதை திறந்தது. புதிய வண்டிகள் வந்தன. சாலி கோடிப்புறம் போயிற்று.

குடாநாடு நாற்புறமும் கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த நிலம். உப்புக் கலந்த ஈரக்காற்று இரும்புக்குக் கூற்றுவன். இருபது ஆண்டு கழிந்தபோது வண்டி கறளின் வடிவமாயிற்று. தந்தையாரும் காலமானார். 2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் அற்று வரிசைகளில் நின்றதும், கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என அளந்ததும் வாசகர் அறிந்தனவே. அப்போது முதிய அன்னையார் கோடிப்புறத்தைச் சுட்டி, "உதைத் திருத்தினால் கொஞ்ச எண்ணெயிலை ஓடும்" என்றார். அச்சொல் எம் மனத்தில் கிடந்தது. சென்ற ஆண்டு கல்லூரி விடுமுறையில் வேலையைத் தொடங்கினோம். செலவை ஏற்பதாகக் கனடாவிலிருந்து தமையனார் கூறினார். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் உதவிக்கு வந்தனர்.

இத்தகைய வேலையில் இறங்க நினைப்போர்க்குச் சில குறிப்புகள் பயன்படும். முதலாவது வேலை ஸ்பனரால் செய்வதன்று, பத்திரங்களைத் தேடுவது. பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் வண்டியில் உள்ளனவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். இடப்பெயர்வுகளில் பத்திரங்களை இழந்தோர் பலர். அத்தகையோர் பணத்தைச் செலவிடுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்தல் நன்று. பெயின்ற் அடிப்பவர் கறளைத் தேய்க்கும்போது அவ்விலக்கங்களையும் சேர்த்துத் தேய்த்துவிடாமல் அவற்றை மூடிவைக்கச் சொல்லுதலும் முக்கியம்.

இரண்டாவது, சில்லு. இவ்வகைச் சிறு வண்டிகளின் றிம் இரு பாதிகளாகச் செய்யப்பட்டு நட்டுகளால் பூட்டப்பட்டது. ரயரில் காற்று இருக்கையில் அந்த நட்டுகளைக் கழற்றினால் இரு பாதியும் வெடித்துப் பிரிந்து ஆளைக் காயப்படுத்தும். காற்றை முழுவதும் இறக்கிய பின்னரே கை வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய்த் தாங்கி. உள்ளே கறள் இருந்தால் அது கார்புரேற்றரை நாள்தோறும் அடைக்கும். பழைய எண்ணெயை அகற்றி நன்கு கழுவியபின், சிறு கற்களை இட்டுக் குலுக்கி, பின்னர் வினாகிரியை நிரப்பி இரண்டு நாள் வைத்தோம். எமது பனங்கள்ளு வினாகிரியே போதுமானது. கறள் என்பது இரும்பின் ஒட்சைட்டு. அமிலம் அதனைக் கரைக்கும். ஆயினும் அமிலத்தை உள்ளே தங்கவிட்டால் அது நல்ல இரும்பையும் தின்னும். ஆதலால் அப்பச்சோடாக் கரைசலால் கழுவி அமிலத்தை நடுநிலையாக்கி, வெயிலிலே உலர்த்தி, தாமதியாமல் சிறிது ஒயில் விட்டுச் சுழற்றினோம். தாமதித்தால் ஈரக்காற்றில் ஓரிரு நாளிலே புதுக்கறள் பூக்கும். வகுப்பிலே கரும்பலகையில் எழுதிய சமன்பாடு தம் கண்முன்னே நிகழ்வதைக் கண்டு மாணவர் இருவரும் மகிழ்ந்தனர். எண்ணெய்த் தாங்கிக்கு அருகே நெருப்பைக் கொண்டுசெல்லலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சொல்லி வைக்கின்றோம்.

எஞ்சினைக் கழற்றும் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைத்தோம். இரண்டாம் நாள் அவர், "மாஸ்ரர், இஞ்ச ஒருக்கா வந்து பாருங்கோ" என்று அழைத்தார். சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் இடையே இருக்க வேண்டிய காஸ்கற் ஒன்று. அங்கே இரண்டு இருந்தன. ஒன்று ஆலையிற் செய்தது. மற்றது செப்புத் தகட்டிலே கையால் வெட்டியது. ஓரங்களில் கத்தரியின் தடம் தெரிந்தது. துளைகள் அரத்தால் ராவப்பட்டிருந்தன. மெக்கானிக்குக்கு அதன் பொருள் உடனே விளங்கிற்று. மண்ணெண்ணெய் அடிக்காமல் எரிவதற்காக, எஞ்சினின் நெருக்கத்தைக் குறைக்க, தலையைச் சற்று உயர்த்தியிருக்கின்றார்கள். வெளியிலிருந்து காஸ்கற் வாங்க வழியில்லாத நாளில் யாரோ ஒரு கைவினைஞர் அதனைத் தாமே ஆக்கியிருக்கின்றார்.

அத்தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அன்னையாரிடம் காட்டினோம். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது எங்கட செப்புக்குடம். ஓட்டை விழுந்து கிடந்தது. அப்பா கராஜுக்குக் குடுத்தவர்" என்றார். அவர் சீதனமாகக் கொண்டுவந்த குடம் அது என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

இங்கேதான் வழக்குப் பிறந்தது. தமையனாரின் விருப்பம் தெளிவானது: வண்டி 1984 இல் வந்தபடியே ஆக வேண்டும். புதிய காப்புத் தகடு, புதிய விளக்கு, பெயர்ப்பட்டம், ஆலை நிறம் எல்லாவற்றையும் அவர் தேடி அனுப்பத் தயாராயிருந்தார். கைபிடிக்குக் கீழிருந்த கம்பி வளையத்தை அரிந்தெடுத்துவிட்டுத்தான் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று பெயின்றரும் சொன்னார். அரிவதற்கு ஐந்து நிமிடம் போதும். எமக்கோ கை எழவில்லை. தமையனார் பிழையாக எதையும் கேட்கவில்லை என்பதும் எமக்குத் தெரிந்தது. பதினெட்டு வயதில் நாட்டை விட்டுப் போனவர் அவர். அவர் மனத்தில் நிற்கும் வண்டி சிவப்பும் பளபளப்புமான வண்டி. அவர் மீட்க விரும்பியது தம் இளமையை. எம் மனத்தில் நிற்பதோ புகை கக்கிய வண்டி. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவர்க்கு ஒரே வண்டி இரண்டாக இருந்தது. போனவர்க்கும் இருந்தவர்க்கும் இடையே எம் சமூகத்தில் உள்ள இடைவெளியை, பெரிய பேச்சுகளிலே காணாத நாம், அந்தக் கம்பி வளையத்திலே கண்டோம்.

தொலைபேசியிலே படத்தை அனுப்பினோம். "தம்பி, ஹாண்டிலுக்குக் கீழ அந்தக் கம்பி என்னத்துக்கு?" என்று அவர் கேட்டார். அவர் அறியார், அறிய வாய்ப்பிருக்கவில்லை. வியப்பு யாதெனில், உதவிக்கு வந்த மாணவர் இருவரும் அன்று காலை அதே கேள்வியை எம்மிடம் கேட்டிருந்தனர். அவர்கள் பிறந்ததும் வளர்ந்ததும் இம்மண்ணிலே. ஆயினும் மண்ணெண்ணெயில் வண்டி ஓடியதைக் கேள்விப்பட்டதே இல்லை. கடல் கடந்த தூரமும் முப்பது ஆண்டுத் தூரமும் ஒன்றாகவே இருந்தன. அம்மா வண்டியை உதைத்ததையும், குடம் காஸ்கற்றானதையும், நாவற்குழிப் பாலத்தையும் தமையனாருக்குச் சொன்னோம். நெடுநேரம் மறுமுனையில் ஓசை இல்லை. "பெயின்ற் மட்டும் பழைய சிவப்பாய் இருக்கட்டும்" என்று முடிவில் கூறினார்.

இவ்வழக்கைத் தீர்க்க முயன்றபோது எமக்கு விளங்கிய ஒன்றை வாசகர் முன் வைக்கின்றோம். பழுதுகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சில காயங்கள், சில தழும்புகள். காயம் என்பது இன்னும் தீங்கு செய்துகொண்டிருப்பது. அதனை ஆற்ற வேண்டும். நினைவுக்காக என்று வளர்க்கலாகாது. தழும்பு என்பது தீங்கு ஓய்ந்தபின் எஞ்சும் அடையாளம். அது யாரையும் வருத்துவதில்லை. நடந்ததைச் சொல்லிக்கொண்டு நிற்கும். அதனை அழிக்க வேண்டியதில்லை. எஞ்சினுள் இருந்த செப்புக் காஸ்கற் இன்று பெற்றோலில் ஓடும் வண்டிக்குக் காயம். அதன் வலுவைக் குறைப்பது. ஆதலால் அதனை எடுத்துவிட்டு முறையான காஸ்கற் ஒன்றை இட்டோம். எடுத்ததை எறியாமல், இருக்கையைத் தூக்கினால் தெரியும்படி ஒரு திருகாணியால் பூட்டி வைத்தோம். தாங்கியின் கறள் காயம், அகற்றினோம். உக்கிய ரயரும் வெடித்த பிறேக் கம்பியும் காயங்கள், மாற்றினோம். கைபிடியின் கம்பி வளையம் தழும்பு, விட்டோம். எண்ணெய் ஒழுகி நெருப்புக்கு ஏதுவாகாதபடி குழாயை மாத்திரம் நீக்கினோம். தந்தையார் செப்புக் கம்பியால் தைத்த வெடிப்பும் தழும்பு. அதன்மேல் புதிய சிவப்பு அடித்தோமேயன்றித் தையலைப் பிரிக்கவில்லை. இருக்கையின் கீழே வெயில் படாத ஓரிடத்தில் எஞ்சியிருந்த பழைய நிறத்தைப் பார்த்தே அச்சிவப்பைக் கலந்தார்கள். தமையனாரின் விருப்பமும் நிறைவேறிற்று.

வண்டிக்குச் சொன்னது பெரியனவற்றுக்கும் பொருந்தும். 1959 இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 இல் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. பின்னாளில் அதனை மீட்டெடுக்க முற்பட்டபோது, எரிந்த கட்டடத்தை நினைவுச் சின்னமாக அப்படியே விட்டு வேறொன்றைக் கட்ட வேண்டும் என்றோரும் உளர். பழைய வடிவிலேயே எழுப்ப வேண்டும் என்றோரும் உளர். இரு சாராரிடத்தும் நியாயம் இருந்தது. மாணவர்க்கு வாசிக்க இடமில்லாமை ஒரு காயம். அது ஆற்றப்பட்டது நன்றே. ஆனால் இன்று அந்த வெண்ணிறக் கட்டடத்தின் படிகளில் அமர்ந்து பேசும் இளையோரிற் பலர்க்கு அது ஒருமுறை எரிந்தது என்பது கேட்டறிந்த செய்தியாகவும் இல்லை. கல்லிலே தழும்பு மறைந்துவிட்டால் அதனைச் சொல்லிலே காக்கும் கடன் பெரியோரைச் சாரும்.

இதற்கு மறுதலையான பிழையும் எம்மிடையே உண்டு. நினைவு நினைவு என்று எதையும் தொடாமல் வைத்திருந்து, அது உக்கி மண்ணாவதைப் பார்த்திருத்தலும் காத்தல் ஆகாது. ஓடாத வண்டி கதை சொல்லுவதுமில்லை. அதனைக் காண வருவாரும் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக்கி விற்பனைச் சாலையில் நின்றபடி நிறுத்துவோரையும் நாம் பழிக்கவில்லை. அது ஓர் அழகு. அதற்கென உழைப்பும் பொறுமையும் வேண்டும். ஆனால் அவ்வாறு ஆக்கப்பட்ட சாலி உலகின் எவ்வூரிலும் இருக்கலாம். யாழ்ப்பாணத்துச் சாலியை யாழ்ப்பாணத்துச் சாலியாக்குவது அந்தக் கம்பி வளையமே.

மாணவர்க்கு ஒரு சொல். 2013 முதல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பாடத்துறை உண்டு, நல்லது. அதனைக் கற்போரும் கல்லாதோரும் தம் ஊரிலுள்ள பழைய கராஜ் ஒன்றில் விடுமுறையில் சில நாள் நின்று பாருங்கள். புத்தகத்தில் இல்லாத பாடங்கள் அங்கே உள. செப்புக் குடத்தை எஞ்சினின் உறுப்பாக்கிய கைகளிற் சில இன்னும் இவ்வூர்களில் உள. அவர்கள் எழுதி வைத்ததில்லை; கேட்டால் சொல்வார்கள். அக்கைகள் ஓய்ந்தபின் கேட்க முடியாது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பழைய இரும்பு வாங்குபவர் படலையில் வந்து நிற்கும்போது, கோடிப்புறத்தைக் காட்டிக் கொடுக்குமுன், வீட்டிலுள்ள மூத்தவரை அழைத்து, "இது எப்படி வந்தது, என்ன செய்தது?" என்று பிள்ளைகள் முன்னிலையில் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்டபின் கொடுப்பதானால் கொடுங்கள். இடம் போதாத வீட்டில் எல்லாவற்றையும் வைத்திருத்தல் இயலாது. பொருள் போனாலும் அதன் கதை வீட்டிலே தங்கிவிடும். கதையும் பொருளோடு சேர்ந்து நிறுவையில் ஏறிப் போவதே நாம் அஞ்ச வேண்டிய நட்டம்.